பருப்பை ஒதுக்கினால் குடலுக்கு என்ன ஆகும்?



ரொட்டி சானாய்க்குப் பருப்புக் கறி வேண்டாம், சம்பல் மட்டும் போதும் என்று சொல்பவர்கள் பலர். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: “வாயுத் தொல்லை.” பயறு, கடலை, முட்டைக்கோஸ் என ஒவ்வொன்றாகத் தட்டை விட்டுப் போய், கடைசியில் வெள்ளைச் சோறும் பொரித்த கோழியும்தான் மிஞ்சுகின்றன. வயிறு அமைதியாகி விட்டது என்று அவர்களும் நிம்மதி அடைகிறார்கள். அந்த அமைதியின்போது குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய அங்கம்.

முதலில், இந்த வாயு எங்கிருந்து வருகிறது? பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் உள்ளன. இவற்றை உடைக்கும் நொதி, அதாவது என்சைம், மனிதச் சிறுகுடலில் சுரப்பதில்லை. எனவே அவை செரிக்காமலேயே பெருங்குடலுக்கு வந்து சேர்கின்றன. அங்கு வாழும் பாக்டீரியாக்களிடம் அந்த நொதி உண்டு. அவை இந்தச் சர்க்கரைகளைப் புளிக்க வைக்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வெளிப்படுகின்றன. வயிறு ஊதுவது அதனால்தான்.

நொதி விஷயத்தில் மனிதன் ஏழை. மாவுச்சத்தையும் சர்க்கரைகளையும் உடைக்க நம் உடலிடம் இருப்பவை ஏறத்தாழ 17 நொதிகள். குடலில் வாழும் பாக்டீராய்டஸ் தீட்டாயோட்டாமைக்ரான் (ஒரே மூச்சில் சொல்வது சிரமம்தான்) என்ற ஒரே பாக்டீரியாவிடம் 200க்கும் மேற்பட்டவை உள்ளன. நாரைப் புளிக்க வைக்கும்போது பியூட்டிரேட் என்ற பொருளும் கிடைக்கிறது. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை இதிலிருந்தே பெறுகின்றன.

நார் வராமல் போனால்? குடல் சுவரின் மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. கிருமிகள் சுவரைத் தொடாமல் தடுப்பது அதுதான். அந்தச் சளியின் புரதத்திலும் சர்க்கரைச் சங்கிலிகள் கோத்திருக்கின்றன. வெளியிலிருந்து உணவு வராதபோது, சில பாக்டீரியாக்கள் தங்கள் நொதிகளைக் கொண்டு இந்தச் சங்கிலிகளை அறுத்துத் தின்னத் தொடங்குகின்றன.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் லக்சம்பர்க் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் குடலில், மனிதக் குடலில் காணப்படும் 14 வகை பாக்டீரியாக்களைக் குடியேற்றினார்கள். ஒரு பிரிவுக்கு நார் நிறைந்த தீவனம், இன்னொரு பிரிவுக்கு நாரே இல்லாத தீவனம். நார் கிடைக்காத எலிகளில் சளியைத் தின்னும் இனங்கள் பெருகின, படலம் மெலிந்தது. பிறகு சிட்ரோபாக்டர் என்ற நோய்க்கிருமியைச் செலுத்தியபோது, அவற்றுக்கு உயிரைப் பறிக்கும் அளவுக்குக் குடல் அழற்சி கண்டது. ஒரு நாள் நார், மறுநாள் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தபோதும் படலம் ஓரளவு அரிக்கப்பட்டது. சுத்திகரிக்கப்பட்ட நார்த் தூளும் அங்கே கைகொடுக்கவில்லை. வாரம் முழுக்கத் துரித உணவு, ஞாயிறன்று மட்டும் கீரை என்று கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். சளியைத் தின்னும் இனங்களையும் எதிரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2004இல் பெயரிடப்பட்ட அக்கர்மான்சியா அத்தகைய ஒன்று. ஆரோக்கியமானவர்கள் பலரின் குடலில் அது இருக்கவே செய்கிறது.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ஏற்கெனவே குடல் அழற்சிக்குச் சிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறும் வாயுத் தொல்லைதான் என்றால், கொண்டைக்கடலையை இரவே ஊற வைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்றாக வேக வையுங்கள். வாயு தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். முதல் வாரம் இரண்டு கரண்டி போதும், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம்.