மீகாமன் தேடிய மாணிக்கமும் சாறாப்பிட்டித் தண்ணீரும்

கடலோரத்தில் பாழடைந்த பழம் நகரம், பக்கத்தில் குளிக்க இயற்கைச் சுனை. இந்த இரண்டையும் ஒருங்கே காண உலகத்தார் மெக்சிக்கோ நாட்டின் துலுமுக்குப் போகிறார்கள். மாயர் எழுப்பிய மதில் நகரம் அது. அங்கே நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் ஆறாக ஓடாமல் கீழிறங்கிப் பாறையைக் கரைக்கும். குகையின் கூரை இடிந்த இடம் நீர்க்குழியாகும். செனோட்டே என்பது அதன் பெயர். புத்தூர் நிலாவரையை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதுமையன்று. அதுவும் அப்படிப் பிறந்ததுதான்.

நமக்கு அத்தனை தூரம் வேண்டாம். குறிகட்டுவானில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் ஊரொன்றின் பெயரை இதற்குச் சூட்டி டெல்ப்ற் என்றார்கள். சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள், அதே கல்லாலான இடிந்த கோட்டை, ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்குமரம், மட்டக்குதிரைகள். படம் பிடிப்போருக்கு ஒருநாள் போதும்.

இலக்கியக்காரருக்குப் போதாது. மேற்குக் கரையில் வெடியரசன் கோட்டை என்று ஓர் இடிபாடு உண்டு. சிலம்பினுள் இருந்தது மாணிக்கம் என்று சொன்னதோடு இளங்கோ நின்றுவிட்டார். அந்த மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் நம் கடலோடிகள். மட்டக்களப்புக் கண்ணகை கோயில்களில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையில், நாகமணி தேடி மீகாமன் மரக்கலம் ஏறி வருகிறான், வெடியரசன் வழிமறிக்கிறான், கடற்போர் மூள்கிறது. அந்த வெடியரசன் தங்கள் அரசன் என்பது தீவாரின் நம்பிக்கை.

கோட்டை என்று போய்ப் பார்த்தால் தெரிவன வட்ட அடித்தளங்கள். பௌத்த தூபிகளின் எச்சம் என்பர் தொல்லியலார். இதைக் கேட்டதும் சிலர் முகம் சுருங்குகிறது. வேறு சிலருக்கோ உரிமை கொண்டாடும் அவசரம். இரண்டும் வேண்டாதவை. மணிமேகலையைப் பெற்ற மொழிக்குப் புத்தனின் தூபி எப்படி அந்நியமாகும்? கதையும் இருக்கட்டும், கல்லும் இருக்கட்டும்.

இந்தக் கடலுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்த பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் தப்பவில்லை. படகில் பாட்டுப் போட்டு ஆடிவரும் இளைஞர்கள் இதை அறிவார்களோ, தெரியாது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். தீவின் நிலத்தடியில் மழைநீர் உப்புநீரின்மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறிவிடும். பிறகு அந்தக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாக மீள்வது எளிதல்ல. சாறாப்பிட்டியில் நெருங்கி நெருங்கி அமைந்த கிணறுகள் தலைமுறைகளாகத் தாகம் தீர்த்தவை. பூதங்கள் ஒரே இரவில் தோண்டியவை என்று கதை. கடும் வறட்சியில் குதிரைகள் தண்ணீரின்றி மடிந்த ஊர் இது. இங்கே கடலில் ஆடிவிட்டு, உடம்பின் உப்புப் போக நாலு வாளி நல்ல தண்ணீர் கேட்கிறவர்களை என்னவென்பது? அந்த நாலு வாளி ஒரு வீட்டின் சமையலுக்கும் குடிப்புக்குமான பாடு.

ஆகவே, போகிறவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். கடலில் வேண்டுமட்டும் குளியுங்கள். உப்புக் கழுவுவதை வீடு திரும்பி வைத்துக்கொள்ளலாம். பிற்பகலில் படகு உண்டு.