‘கல்’ என்றால் நேற்றா, நாளையா?

(உலகத் தாய்மொழி நாளையொட்டி, பிப்ரவரி 21 அன்று நம் சங்கக் கூட்ட அறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“பத்து நிமிஷம் தாய்மொழியைப் பத்திப் பேசுங்க சார், ஆனா அரசியல் வேண்டாம்” என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் ஒரே ஒரு சொல்லோடு வந்திருக்கிறேன். இரண்டே எழுத்து. கல்.

இது நமக்குப் பாடம் நடத்த வேண்டிய சொல் இல்லை. அடுப்பில் தோசைக்கல், மூக்குத்தியில் சிவப்புக் கல், சாலையோரம் மைல்கல், ஸ்கேன் ரிப்போர்ட்டில் சிறுநீரகக் கல். கேரளத்து நண்பரும் கர்நாடகத்து நண்பரும் ‘கல்லு’ என்பார்கள். அங்கேயும் அதே பொருள்தான்.

தமிழில் இன்னொரு ‘கல்’ இருக்கிறது. படி, கற்றுக்கொள் என்று ஏவுகிற கல். கல்வி, கற்றல், கல்லாதவர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. பழந்தமிழில் ‘கல்லுதல்’ என்றால் தோண்டுதல். திருக்குறளும் கல்வியை மணலில் தோண்டும் கேணிக்கு ஒப்பிடுவதால், கற்பதும் ஒரு வகைத் தோண்டல்தானே என்று இரண்டையும் இணைத்துச் சொல்பவர்கள் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அகராதிகள் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகத்தான் தருகின்றன.

இனி நம் வாசல் கேட்டுக்கு வருவோம். அங்கே வேறொரு ‘கல்’ நிற்கிறது. அதில் நான் தடுக்கி விழுந்த கதையைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு மே மாதம், மாலை ஐந்து மணி இருக்கும். செக்யூரிட்டித் தம்பி வீடு வீடாக மணியடித்துக்கொண்டு வந்தார். பீகார்க்காரர். அப்போது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் வீட்டு வாசலில் நின்று, “சார், கல் பானி நஹீ ஆயேகா” என்றார்.

எனக்குப் பானி தெரியும். நஹீ தெரியும். கல்லும் தெரியும் என்று நினைத்தேன். வேலையில் இருந்த காலத்தில் இரண்டு வருடம் புனேயில் இருந்தவன் நான். அங்கே ‘கால்’ என்றால் நேற்று. அதே சொல்லைத்தான் இவர் குறுக்கிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நேற்றுத் தண்ணீர் வந்ததே, வரவில்லை என்று ஏன் வந்து சொல்கிறார்? “டீக் ஹை, டீக் ஹை” என்று கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சம்ப் கழுவ ஆட்கள் இறங்கிவிட்டார்கள். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு என் அப்பாவுக்குத் திதி. வீட்டில் ஒன்பது பேர். கையிருப்பு ஒரு வாளி.

நேரே கீழே போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். “போலா தா சார், போலா தா” என்றார். சொன்னேன் என்கிறார். “பொய் சொல்லாதே” என்று கத்தினேன். நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். அதோடு விடவில்லை. “முன்கூட்டியே தெரிவிக்கவில்லை, கேட்டால் பொய் சொல்கிறார்” என்று புகார்ப் புத்தகத்திலும் எழுதினேன். அந்த மாதம் அவருக்கு ஒரு நாள் கூலி பிடித்தம் ஆனது.

பத்து நாள் கழித்து லிஃப்டில் மூன்றாம் மாடி வங்காளத்து அம்மாவிடம் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டேன். “அங்கிள், எங்க வீட்டுக்கும் வந்து சொன்னாரே. நாளைக்குத் தண்ணி வராதுன்னு. நாங்க எல்லாம் பிடிச்சு வெச்சோமே” என்றார். அப்புறம் லிஃப்ட் வாசலிலேயே நிறுத்தி எனக்குப் பாடம் எடுத்தார்.

இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும்தான், நாளையும்தான். இன்றிலிருந்து ஒரு நாள் தள்ளி என்பது மட்டுமே அதன் பொருள். ‘பர்சோ’ என்றால் இரண்டு நாள் தள்ளி. முந்தாநாளுக்கும் அதே சொல், நாளை மறுநாளுக்கும் அதே சொல். முன்னாலா பின்னாலா என்று சொல்வது வினைச்சொல். ‘ஆயா’ என்றால் வந்தது. ‘ஆயேகா’ என்றால் வரும். அவர் ‘ஆயேகா’ என்றுதான் சொன்னார். கடைசியில் இருந்த அந்தக் ‘கா’வைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. வாக்கியம் முடியும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, தப்பாக.

இந்தச் சொல்லின் பிறப்பைத் தேடினால் சமஸ்கிருதத்தில் ‘கல்ய’ என்ற சொல்லில் போய் நிற்கிறது. விடியற்காலை என்று பொருள். அது பிராகிருதத்தில் ‘கல்ல’ ஆகி, இந்தியில் ‘கல்’ ஆனது. விடியலைச் சொல்லும் சொல் நாளையைக் குறிக்க வருவது புதிதல்ல. ஜெர்மன் மொழியில் ‘மோர்கன்’ என்றால் காலையும் உண்டு, நாளையும் உண்டு. ஸ்பானிஷ் மொழியில் ‘மன்யானா’வும் அப்படியே. இந்திக்காரர்கள் போய்விட்ட விடியலையும் வரப்போகிற விடியலையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்து மொழிகளில் இது வேறு வேறு உருவில் வருகிறது. வங்காளத்தில் ‘கால்’ என்று நீளும். நேற்று, நாளை இரண்டும் அதுவே. தெளிவு வேண்டுமென்றால் முன்னால் ஒரு சொல் சேர்ப்பார்கள். ஒடியாவில் ‘காலி’. நம் காதுக்குத் தொட்டி காலி என்று கேட்கும். மராத்தியில் மட்டும் ‘கால்’ நேற்றோடு நின்றுவிட்டது. நாளைக்கு ‘உத்யா’ என்று தனிச் சொல். என்னைக் கவிழ்த்தது அந்தப் புனே ஞானம்தான்.

இந்தியிலேயே இன்னொரு ‘கல்’ உண்டு. அது இயந்திரம். அந்தத் தம்பியின் ஊரில் அடிபம்புக்கு ‘சாபாகல்’ என்று பெயர். துருக்கியில் ‘கல்’ என்றால் தங்கு, இரு. விடைபெற்றுப் போகிறவர் வீட்டில் இருப்பவரைப் பார்த்து ‘ஹோஷ்ச்சா கல்’ என்பார். நலமாக இரு என்று பொருள். நாம் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்கிற இடம் அது. நம் கல்லும், இந்திக் கல்லும், துருக்கிக் கல்லும் உறவுக்காரர்கள் இல்லை. ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஒரே மாதிரி கேட்கிறது என்பதற்காக ஒரே பொருள் என்று முடிவு கட்ட முடியாது.

நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லா, இதென்ன மொழி என்று சிரிக்கத் தோன்றும். நானும் சிரித்தேன். பிறகு நம் பேச்சைக் கவனித்தேன். “அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தேனே” என்கிறோம். “பத்தாம் தேதி கிரகப்பிரவேசம், அன்னைக்கு அவசியம் வாங்க” என்றும் சொல்கிறோம். முதல் ‘அன்னைக்கு’ போனது, இரண்டாவது வரப்போவது. நாம் குழம்புவதில்லை. ஏனென்றால் நம் மொழியில் வாக்கியத்தைக் கடைசிவரை கேட்கிறோம்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், புகார்ப் புத்தகத்தில் நான் எழுதியதை அடித்து, “அவர் சொன்னார், தவறு என்னுடையது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிடித்த கூலியை என் கையிலிருந்து கொடுத்தேன். முதலில் வாங்க மாட்டேன் என்றார். “பணம் பரவாயில்லை சார். எல்லார் முன்னாடியும் பொய்யன்னு சொன்னீங்க” என்று அவர் இந்தியில் சொன்னதை அந்த அம்மாதான் மொழிபெயர்த்துச் சொன்னார். அதற்கு நான் என்ன கொடுக்க முடியும்? எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும். செயலாளர் அழைத்ததும் நான் ஒப்புக்கொண்டது அதனால்தான். தம்பி இதோ கடைசி வரிசையில் நிற்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள், தம்பி.

1952-இல் டாக்காவில், தங்கள் மொழிக்கு உரிய இடம் கேட்ட மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட நாள் இது. அதன் நினைவாகத்தான் யுனெஸ்கோ 1999-இல் இதைத் தாய்மொழி நாளாக அறிவித்தது. நம் மொழிக்கு நாம் கேட்கிற மரியாதையில் பிறர் மொழியைப் பாதியில் வெட்டாமல் கேட்பதும் அடங்கும்.

சங்கத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோளோடு முடிக்கிறேன். தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் பற்றிய எந்த அறிவிப்பிலும் ‘நாளை’ என்று மட்டும் போடாதீர்கள். தேதியும் கிழமையும் போடுங்கள். ‘நாளை தண்ணீர் வராது’ என்ற வாட்ஸ்அப் செய்தியை மறுநாள் காலையில் பார்க்கிறவருக்குத் தமிழ் நாளையும் குழப்பம்தான். வாசலில் ஒரு பலகை வைத்து, தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அன்றன்று எழுதலாம். தமிழ் வரியை எழுதுகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். இந்தி வரியைத் தம்பி எழுதட்டும். நான் பக்கத்தில் நின்று படித்துக்கொள்கிறேன்.