'படிப்பில் ஆர்வமில்லை' என்று எழுதியது யார்?

(சூலக்கரையில் இளைஞர்கள் கூட்டிய கல்வி உரையரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே இருப்பவர்களில் பலர் மாலை நேரப் படிப்பகங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். பி.எட். படிப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராகவே விசயத்துக்கு வருகிறேன்.

ஒரு பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டால் காரணம் கேட்கிறோம். வறுமை என்பார்கள், குடும்பச் சூழல் என்பார்கள். தேசிய மாதிரி ஆய்வுகளைப் புரட்டினால் இன்னொரு காரணமும் தனியாக இருக்கும்: 'படிப்பில் ஆர்வமில்லை.' ஐந்து வயதில் பையை மாட்டிக்கொண்டு ஓடிய பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் அந்த ஆர்வம் எங்கே போனது? அதைப் போக்கியவர் யார்? இந்தக் கேள்விக்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. நான் அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் மாவட்டம் காமராசர் பிறந்த மாவட்டம். சிறு வயதிலேயே படிப்பை நிறுத்த நேர்ந்தவர் அவர். 1954இல் முதலமைச்சரானதும் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். அதற்காகப் பெரியார் நடத்திய போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 1956இல் மதிய உணவு வந்தது. சோறு பிள்ளையைப் பள்ளிக்கு வரவைத்தது.

அதே மாவட்டத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 1980களில் சிவகாசி, சாத்தூர் பக்கம் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஊருக்குள் வரும். பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிப் போகும். இரவில் கொண்டு வந்து இறக்கிவிடும். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முதலாளிக்கு அபராதம் விதித்தது சரிதான். ஆனால் பஸ் ஏறிய பிள்ளைகளில் எத்தனை பேரை முதலில் வகுப்பறை இறக்கிவிட்டது என்று எந்த வழக்கும் கேட்கவில்லை.

வத்திராயிருப்பு பக்கம் புதுப்பட்டியைச் சேர்ந்த பாமா 1992இல் எழுதிய 'கருக்கு' நூலை நீங்கள் படித்திருப்பீர்கள். பள்ளியில் விளையாடும்போது மரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுகிறது. அதைத் திருடியதாகத் தலைமையாசிரியர் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அந்தச் சிறுமியின் மேல் பழி போடுகிறார். சேரிப்பிள்ளை என்பதே சாட்சியாகிவிடுகிறது. வகுப்புக்குள் விட மறுக்கிறார். பாதிரியாரிடம் போய்க் கடிதம் வாங்கி வந்த பிறகுதான் உள்ளே விடுகிறார். பின்னாளில் படித்த இடத்தில், 'ஹரிஜன மாணவிகள் எழுந்து நில்லுங்கள்' என்று திடீரென்று சொல்வார்களாம். எழுந்து நின்றவர்களை மற்றவர்கள் பார்த்த பார்வையையும் பாமா எழுதியிருக்கிறார்.

பாமா படிப்பை விடவில்லை. நன்றாகப் படித்தால் மதிப்பு தானாக வரும் என்று சொல்ல வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். அப்படி ஒருவர் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்திருக்கும்? மறுநாள் விடியலில் பஸ் வந்து நின்றிருக்கும். ஏறியிருக்கும். கணக்கெடுப்பு வந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு நேரே வறுமை என்றோ, ஆர்வமில்லை என்றோ எழுதியிருப்பார்கள்.

நான் படித்த பள்ளியிலும் இதே 'எழுந்து நில்' உண்டு. உதவித்தொகைப் படிவம் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். பணம் கொடுக்கிறார்களே, இதில் என்ன அவமானம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். உலக வங்கியின் ஆய்வாளர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் 642 சிறுவர்களிடம் ஒரு சோதனை நடத்தி 2004இல் வெளியிட்டார்கள். சரிபாதி ஆதிக்கச் சாதி, சரிபாதி ஒடுக்கப்பட்ட சாதி. எல்லாருக்கும் புதிர்வழிப் படங்கள் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாருடைய சாதியையும் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் முடித்தார்கள். பெயரோடு சாதியையும் சேர்த்து உரக்க வாசித்த குழுக்களில் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே வயது, அதே புதிர். நடுவில் வந்தது ஓர் அறிவிப்பு மட்டும்தான். நம் வகுப்பறைகளில் அந்த அறிவிப்பு ஆண்டு முழுக்க நடக்கிறது.

அறிவிப்போடு நிற்பதும் இல்லை. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை அரசுத் தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து, தாய் விசாரித்த பிறகே விசயம் வெளியே வந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டை வைத்து ஒரு பிள்ளை பள்ளியை நேசிக்கிறதா என்று சொல்ல முடியாது.

சாக்குத் துணி மேல் உட்கார வைக்கப்பட்ட அம்பேத்கரை நமக்குத் தெரியும். பியூன் வந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர். அதே அம்பேத்கரின் வாழ்க்கையில் கேளுஸ்கர் என்ற ஆசிரியரும் வருகிறார். அவர் வேறொரு பள்ளியின் ஆசிரியர். பம்பாயில் ஒரு பூங்காவில் தினமும் உட்கார்ந்து படிக்கும் பையனைக் கவனித்து, 'யாரப்பா நீ?' என்று விசாரித்தார். 1907இல் பையன் மெட்ரிக் தேறியபோது தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். மேல்படிப்புக்கு பரோடா மன்னரின் உதவி கிடைக்கவும் முன்நின்றார். அந்தப் பையனுக்குப் பாடம் எடுக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அவன் படிக்கிறான் என்பதைப் பார்த்தார், அவ்வளவுதான்.

தோழர்களே, நம் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும். 'அரசுப் பள்ளி ஆசிரியரைக் குறை சொன்னால் தனியார் பள்ளிக்காரனுக்குத்தான் லாபம்' என்பார்கள். காலிப் பணியிடங்கள் உண்மை. ஓராசிரியர் பள்ளிகள் உண்மை. கணக்கெடுப்பு, தேர்தல் பணி என்று ஆசிரியரைப் பிழிவதும் உண்மை. இதற்கெல்லாம் அவர்களோடு சேர்ந்து நாம் போராட வேண்டும். ஆனால் ஆள் குறைவாக இருப்பதால் ஒரு பிள்ளையைச் சாதி சொல்லித் திட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் வருவதில்லை. கட்டணப் பள்ளிக்குப் போக முடியாத நம் பிள்ளைக்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறு பள்ளி இல்லை. அங்கே அதற்கு மரியாதை கேட்பதுதான் அரசுப் பள்ளியைக் காப்பாற்றுவது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை; மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அவர் அதற்கு முன்பே சில நாள்களாகப் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோதுதான் அவர் பட்ட துன்பம் வெளியே தெரிந்தது. பள்ளிக்கு வராததே அவர் கொடுத்த முதல் புகார். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக அமர்த்தக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் இவற்றில் எது நடக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

எப்படிப் போவது? பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் ஆசிரியரின் பேச்சையும் பேசச் சொல்லுங்கள். சேரியிலிருந்து ஒரு தாய் அங்கே எழுந்து பேசும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். 14417 என்ற பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணைப் படிப்பகத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

நாளை ஆசிரியராகப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். திண்ணையில் உட்காருங்கள், தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். 'ஏன் வரல?' என்று மிரட்டாமல், 'அங்க யாரு உன்னை என்ன சொன்னா?' என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்காமல் யாரும் 'ஆர்வமில்லை' என்று எழுத வேண்டாம்.

ஜெய்பீம்.