நட முடியாத கல்: கடல்வேட்டமும் நினைவுப் பொருளும்

வேட்டம் என்னும் சொல்லைப் பழந்தமிழர் காட்டுக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளவில்லை. குறிஞ்சியில் வில்லேந்திப் புறப்படும் கானவனும் வேட்டம் போகிறான். நெய்தலில் வலையோடு திமில் ஏறும் பரதவனும் வேட்டம் போகிறான். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் காட்டு வேட்டையை ஏறத்தாழ முடித்துவைத்தன. அதன்பின் தமிழகத்தில் பிழைப்புக்கென எஞ்சி நிற்கும் பெருவேட்டம் கடல்வேட்டம் ஒன்றே. குளச்சல் அதன் பழைய துறைகளுள் ஒன்று.

வேட்டைக்குப் புறப்படுகிறவன், மறைந்துபோன தன்னவரின் நினைவாக ஏதேனும் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். பாட்டன் பிடித்த துப்பாக்கி, தந்தை இடுப்பில் செருகியிருந்த கத்தி, அண்ணன் அணிந்த தொப்பி என்று அது பலவாறு அமையும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு நிறுவனம், எரியூட்டப்பட்டவரின் சாம்பலை வேட்டைத் தோட்டாக்களில் அடைத்துத் தருவதை ஒரு தொழிலாகவே நடத்தியிருக்கிறது. கேட்பவர்க்குச் சிரிப்பு வரலாம், அருவருப்பும் வரலாம். ஆனால் அதன் அடியில் இருக்கும் ஆசை எளியது. இறந்தவரை, அவர் விரும்பிய இடத்துக்கு இன்னொரு முறை அழைத்துச் செல்லும் ஆசை அது. அந்த ஆசை கடல்வேட்டம் செய்வாரிடத்து என்ன வடிவம் கொள்கிறது, தமிழ்க் கவிதை அதை எவ்வளவு கண்டிருக்கிறது என்பனவே இவ்வுரையின் பொருள்.

நிலத்தில் வாழ்ந்தவன் தன் இறந்தாரை நினைக்கக் கண்ட வழி கல். தொல்காப்பியப் புறத்திணையியல் அதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக முறைப்படுத்துகிறது. கல்லைத் தேர்வதிலிருந்து அதற்குப் படையலிட்டு வாழ்த்துவது வரை எல்லாம் அதில் அடங்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள், இவ்வழக்கம் கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே வேரூன்றியிருந்ததைக் காட்டின. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல் நட்டார்கள். புலியோடு பொருது மாண்டவனுக்கும் பன்றியைக் குத்தி மாண்டவனுக்கும் நட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்றில் கோவிவன் என்னும் நாய்க்கும் இடம் கிடைத்தது. தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த நாய் அது. நாய்க்கும் பெயர் பொறித்த மரபு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லுதல் நலம்.

கல் என்பது இடத்தைச் சுட்டுவது. இங்கே வீழ்ந்தான், இங்கே நின்றான் என்று சொல்வது. கடலில் ‘இங்கே’ என்பது இல்லை. படகு கவிழ்ந்த இடத்தை அடுத்த நொடியே அலை அழித்துவிடுகிறது. ஆகவே கடல்வேட்டம் செய்வானுக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளில் முதல் நிலையே கைகூடுவதில்லை. உடலும் பல நேரங்களில் கிடைப்பதில்லை.

பட்டினப்பாலையில் பரதவர் ஒன்றை நடுகிறார்கள். முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாமல், சினையுற்ற சுறாவின் கொம்பை மனை முற்றத்தில் நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டு, கள்ளுண்டு மகிழ்ந்திருப்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். இதனை நெய்தலின் நடுகல் என்று சொல்லிவிட ஆசை எழும். அது பொருந்தாது. நடப்பட்டது கொன்ற உயிரின் உறுப்பு. இறந்த மனிதனின் நினைவு அன்று. அந்தக் கொம்புக்குரிய மீன் இன்று வேளா என வழங்கும் இனமே எனக் கருதுவோர் உளர். அவ்வாறாயின், 2001 முதல் அதைப் பிடிப்பதே குற்றம். முற்றத்தில் நடுவதற்குக் கொம்பும் இல்லை.

குளச்சலில் நினைவுக்கல் ஒன்று உண்டு. 1741இல் மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரரை இத்துறையில் வென்றதற்கு நிறுவப்பட்ட வெற்றித்தூண் அது. அப்போரில் சிறைப்பட்ட தெ லனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்து, 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கம் பெற்றார். அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் எழுதப்பட்டிருக்கின்றன. தோற்றுவந்த அயலான் ஒருவனுக்கு இரு மொழிகளில் கல் வாய்த்த மண் இது. இதே கடலில் தலைமுறை தலைமுறையாக மூழ்கிய மீனவர்க்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. குமரி மாவட்டத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளச்சலும் அதன் அண்டைக் கிராமமான கொட்டில்பாடும் பேரிழப்பைச் சந்தித்தன. அவ்விழப்பில் பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும். அவர்கள் வேட்டம் போனவர்கள் அல்லர், வீட்டில் இருந்தவர்கள். அவர்களைச் சேர்த்துப் புதைத்த இடம் இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில் மெழுகுவர்த்தி ஏந்தி உறவினர் கூடுகின்றனர். கரையில் இறந்தோர்க்குக் கல்லறை உண்டு என்பதும், கடலில் இறந்தோர்க்கு இல்லை என்பதும் அங்கே நின்று பார்த்தால் விளங்கும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், குமரிக் கடற்கரையின் கல்லறைத் தோட்டங்களெல்லாம் விளக்கொளியில் நிற்கும்போது, எந்தக் குழியருகே நின்று ஏற்றுவது என்று தெரியாத விளக்குகளும் சில வீடுகளில் இருக்கும்.

நட முடியாததைச் சுமக்க வேண்டியதாகிறது. கடற்கரையில் நிற்கும் படகுகளின் அணியத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பெயர். 1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் திருமுழுக்குக் கொடுத்துச் சென்ற நாள்தொட்டு இங்கே மாதாவின் பெயரும் புனிதர் பெயரும் நிலைத்தன. அவற்றோடு வீட்டார் பெயர்களும் எழுதப்படுகின்றன. அவர்களுள் இருப்போரும் உண்டு, மறைந்தோரும் உண்டு. மறைந்த தாயின் பெயரை ஏந்திய படகு நாள்தோறும் கடலுக்குப் போய்வருகிறது. துறையில் நிற்போர் அப்படகு வந்ததா என்று கேட்கும்போதெல்லாம் அந்தப் பெயர் உயிருள்ளவரின் பெயர்போலப் புழங்குகிறது. நடுகல்லில் எழுதியது பெயர். இங்கும் எழுதியது பெயரே. பொறித்த பரப்பு மட்டும் மிதக்கிறது.

தமிழில் இதற்கொரு முன்னோடி உண்டு. பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அவன் உறவின் பொருள். குமரிக் கடற்கரைக் குடும்பங்களில் பாட்டனின் திருமுழுக்குப் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் உள்ளது. அப்பேரன் கடலுக்குப் போனால், நினைவுப் பொருள் தனியாக எதையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அவனே ஒன்று.

கருவிகளின் கதை இவ்வளவு இனிதாக இல்லை. கட்டுமரத்தை வேட்டம் முடிந்து கரையேற்றியபின் கயிறு அவிழ்த்து, மரம் மரமாகப் பிரித்து உலரவிடுவார்கள். நீர்கோத்துக் கனத்த கட்டையை விலக்கிப் புதியதைச் சேர்க்கலாம். ஆகையால் தந்தையின் மரம் எங்கே முடிந்தது, மகனின் மரம் எங்கே தொடங்கியது என்று கோடு கிழிப்பது எளிதன்று. அது ஒரு கலமாக மட்டும் இருக்கவில்லை; பாகப்பத்திரம் எழுதாத மரபுச்சொத்தாகவும் இருந்தது. 1980களில் முட்டம் போன்ற இடங்களில் பிளைவுட் வள்ளங்கள் கட்டப்பட்டன. பின்னர் ஃபைபர் படகு வந்தது. வெளிப்பொருத்து எஞ்சின் வந்தது. உழைப்பு குறைந்தது, தூரம் கூடியது; இவற்றை வேண்டாமென்று சொல்வார் எவரும் இலர். ஆனால் ஃபைபர் உடைந்தால் உடைந்ததுதான். அதில் ஒரு கட்டையை மட்டும் தந்தையுடையதாக வைத்துக்கொள்ள முடியாது.

கைப்பொருளைவிட நுண்ணியதாக இன்னொன்று சுமக்கப்பட்டது. கடலடிப் பாறைகளில் மீன் கூடும் இடத்தை, கரையிலுள்ள இரண்டிரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் நிறுத்திக் கண்டுகொள்வார்கள்: மேற்குத்தொடர்ச்சி மலையின் ஒரு முடியும் ஒரு கோயில் கோபுரமும் ஒரு பக்கம், தென்னந்தோப்பின் விளிம்பும் இன்னொரு குன்றும் மறுபக்கம். இவ்விரு கோடுகளும் வெட்டுமிடத்தில் பார் இருக்கும். இந்தக் கணக்கைத் தந்தை மகனுக்குத்தான் சொன்னார். பிறர் காதில் விழாமல் சொன்னார். அவர் மறைந்தபின் அந்த இடத்தில் தூண்டில் இறக்கும் ஒவ்வொரு முறையும் மகன் அவர் கண்ணாலேயே கரையைப் பார்க்கிறான். கடலில் ‘இங்கே’ இல்லை என்று மேலே கூறியதற்கு இது ஒரு திருத்தம். கரையிலிருந்து கடன் வாங்கி ஒரு ‘இங்கே’யை அவர்கள் அமைத்துக்கொண்டார்கள். செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி வந்தபின் அந்த ‘இங்கே’ எண்களாகிவிட்டது. எண்ணுக்குத் தந்தையின் முகம் இல்லை.

நினைவுப் பொருள் எப்போதும் ஆறுதலுக்காக மட்டும் அமைவதன்று. ஐரிஷ் நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங், அரன் தீவு மீனவரை வைத்து எழுதி 1904இல் மேடையேறிய ‘கடல்நோக்கிச் செல்வோர்’ என்னும் ஓரங்க நாடகம் கவிஞர்கள் அவசியம் படிக்க வேண்டியது. தொலைவில் ஒதுங்கிய உடலொன்றின் துணிகள் வீட்டுக்கு வருகின்றன. அவை காணாமற்போன மைக்கேலுடையவையா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அவனது மற்றொரு சட்டையைத் தங்கைமார் தேடுகின்றனர். கொக்கியில் அது இல்லை. தன் சட்டை உப்பேறிக் கனத்துப்போனதால் இளையவன் பார்ட்லி காலையில் அதையே அணிந்து புறப்பட்டிருக்கிறான். இறுதியில், தான் பின்னிய காலுறையில் எண்ணி வைத்திருந்த கண்ணிகளைக்கொண்டு தங்கை அடையாளம் காண்கிறாள். இறந்தவனின் சட்டையை அணிந்து சென்ற பார்ட்லியும் திரும்பவில்லை. நினைவுப் பொருளைச் சுமப்பது காப்பு என்று நம்புவோர்க்கு அந்நாடகம் எந்த உறுதியும் தருவதில்லை.

குமரிக்கு அந்தக் காலுறை 2017 நவம்பர் 30இல் தேவைப்பட்டது. ஒக்கிப் புயல் அடித்த அன்று, நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களின் ஆழ்கடல் வேட்டக்காரர் பலர் நெடுந்தொலைவில் இருந்தனர். சுறா வேட்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர்கள் அவை. பின்னர்க் கேரளக் கரையில் கிடைத்த உடல்கள் பலவற்றை முகத்தால் அறிய இயலவில்லை; மரபணுச் சோதனை செய்தே அறிந்தார்கள். கழுத்தில் கிடந்த செபமாலையும் இடுப்புக் கயிறும் ஒருவனை வீடு சேர்க்கும் சான்றுகளாகக்கூடும் என்பதை அந்நாள்கள் கற்பித்தன. உடலே கிடைக்காதவர்களின் வீடுகளில் வேறொரு துன்பம் நேர்ந்தது. அன்று நடப்பிலிருந்த சாட்சியச் சட்டத்தின்படி, ஏழாண்டுகள் செய்தியின்றிப் போனாலன்றி ஒருவன் இறந்தான் எனச் சட்டம் எளிதில் கொள்ளாது. இருக்கிறான் என்று சொல்லவும் வழியில்லை, இறந்தான் என்று எழுதவும் வழியில்லை. அத்தகைய வீட்டில் சுவரில் தொங்கும் படத்துக்கு மாலையிடுவது எந்த நாளில்? இதற்குக் காலக்கணக்கு வைத்தது சட்டம். கவிதை இன்னும் வைக்கவில்லை.

சுமக்க மறுப்பதும் நினைவின் ஒரு முறையே. 1952இல் வெளிவந்த ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலில் சாண்டியாகோ, மறைந்த மனைவியின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுகிறான். பார்க்கும்போது தனிமை தாங்கவில்லை என்பதே காரணம். அதை மூலைப் பலகையில் தன் துவைத்த சட்டைக்கடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு கடலுக்குப் போகிறான். தமிழில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. அதில் குரூஸ் மிக்கேல் தன் வள்ளத்தை விற்க மனம் ஒப்பாமல் நிற்பதும், மகன் அதை விலைபொருளாக மட்டும் பார்ப்பதும், ஒரே பொருள் ஒருவனுக்கு நினைவாகவும் மற்றவனுக்கு முதலாகவும் இருப்பதைக் காட்டுகின்றன. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வாசகரை நடுக்கடலுக்கே இட்டுச்சென்று, தத்தளிக்கும் மனிதரின் நெஞ்சோடு இருக்கச் செய்தது. உரைநடை கடலேறிவிட்டது.

கவிதை பெரும்பாலும் கரையிலேயே நிற்கிறது. அதற்குக் காரணம் மரபிலேயே இருக்கிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இரங்குபவள் கரையில் இருக்கிறாள். ஆகவே பாட்டும் கரையில் இருந்தது. ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறு பாடிய அம்மூவனார் தொடங்கி இன்றுவரை, கடலைப் பார்த்துக் காத்திருக்கும் பெண்ணைப் பாடியோர் பலர். திமிலின் நடுவே, இருட்டில், தனக்கு வலையெறியக் கற்றுக்கொடுத்து மறைந்த ஒருவனை நினைத்தபடி கயிறு பிடித்திருக்கும் ஆணின் இரங்கலைப் பாடியோர் மிகச் சிலர். கடற்கரையில் பிறந்த கவிஞர்கள் இப்போது எழுதுகிறார்கள். அவர்களுட் சிலரும் இரவல் வாங்கிய தலைவியின் குரலிலேயே எழுதுவது வியப்பளிக்கிறது. தந்தையின் துடுப்புக்குரிய சொல் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதை விடுத்து அகராதிச் சொல்லைத் தேடுவானேன்?

இவ்வட்டத்தினர் அறிந்த குறுந்தொகைப் பாட்டொன்று, 269ஆவது, கல்லாடனார் பாடியது. சுறா தாக்கிய புண் ஆறித் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டான். தாயும் உப்பு விற்று நெல் கொள்ளும்பொருட்டு உப்பளத்துக்குச் சென்றுவிட்டாள். தலைவன் வருவதானால் இதுவே தக்க நேரம் என்று யாரேனும் போய்ச் சொல்ல மாட்டார்களா என்பது அதன் பொருள். பாட்டின் நோக்கம் களவுக் காதல். தந்தை அதில் வழிவிட்டு விலகும் ஓர் ஆள் மட்டுமே. ஆயினும் அவன் தழும்போடு போகிறான். அதே கடலுக்கு, அதே மீன் உள்ள இடத்துக்குப் போகிறான். தழும்பைத் தவிர வேறு எதை, எவருடைய நினைவாகத் திமிலில் எடுத்துச் சென்றான் என்பது பாட்டில் இல்லை. சொல்பவர் கரையில் இருப்பவர்.