கேள்வியைக் குழந்தையிடம் கேளுங்கள்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, செவிலியர்களே,

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், இதே சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. உங்களைப் போல மேற்படிப்பில் இருந்த ஒரு பெண்ணின் ஆய்வேட்டுப் பணி, ஒரு நாட்டையே விழிக்க வைத்தது. அப்போது கொடுக்க மருந்து இல்லை. 2004 ஏப்ரலில்தான் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமானது. குழந்தைகளுக்கான தனித் திட்டம் 2006 நவம்பரில் வந்தது. கைக்குழந்தைகளுக்குக் கொடுத்த பழைய மருந்துக் கரைசலின் கசப்பை நான் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதைத் துப்பிய பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று ஸ்ட்ராபெரி சுவையில், ஒரு கரண்டித் தண்ணீரில் கரையும் டோலுடெக்ராவிர் மாத்திரை இருக்கிறது.

ஆக, பிள்ளைகள் பிழைக்கிறார்கள். பள்ளிக்குப் போகிறார்கள், வளர்கிறார்கள். நன்றாக இருக்கிறார்களா என்பதுதான் என் கவலை.

கூட்டு மருந்து மையத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பேரன் பக்கத்தில் நிற்பான். "மாத்திரை ஒழுங்கா போடுறானா?" என்று பாட்டியிடம் கேட்போம். "போடுறான் சார்" என்பார். எடை பார்ப்போம், ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்ப்போம், அடுத்த தேதி எழுதுவோம். அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். நான் அறிந்த ஒரு பாட்டி, மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, குலுங்கும் சத்தம் பஸ்ஸில் யாருக்கும் கேட்காமல் இருக்க உள்ளே பஞ்சு அடைத்துக் கொண்டுபோவார். அந்தப் பையன் தினமும் அதைப் பார்க்கிறான். சத்து மாத்திரை என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சத்து மாத்திரையை எதற்கு ஒளிக்க வேண்டும் என்று அவன் யோசிக்காமலா இருப்பான்?

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நிலையைச் சொல்ல வேண்டும், சிறியவர்களுக்கு வயதுக்கேற்பப் படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே வழிகாட்டியது. வீட்டார் பயப்படுவது நியாயம்தான். பிள்ளை வெளியே சொல்லிவிட்டால் வாடகை வீடு போகும். அப்பா அம்மாவைப் பற்றிக் கேள்வி வரும். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கூடவே உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் தள்ளிக்கொண்டே போகவும் விடாதீர்கள். பதினாறு வயதில் தானாகவே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு நோயைவிட, இத்தனை நாள் ஏமாற்றினார்களே என்பதுதான் வலிக்கிறது. மாத்திரையைத் தூக்கி எறிவதும் அப்போதுதான்.

உண்மையைச் சொல்வதோடு, நன்றாக இருக்கிறாயா என்று பிள்ளையிடமே கேட்கவும் வேண்டும். குழந்தைகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பல நாடுகளில் பயன்படுத்தும் 'பெட்ஸ்கியூஎல்' வினாநிரலில் 23 கேள்விகள்தான்: உடம்பு, மனசு, கூட்டாளிகள், பள்ளிக்கூடம். ஐந்து வயதுப் பிள்ளையே பதில் சொல்லலாம். பெற்றோருக்குத் தனிப் படிவம் உண்டு. இரண்டு பதில்களும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. பெரியவர்கள் காய்ச்சலையும் பசியையும் பார்க்கிறார்கள். விளையாட்டில் தன்னைச் சேர்க்காததைப் பிள்ளைதான் சொல்ல முடியும்.

சில பிள்ளைகளைக் கூட்டிவரப் பாட்டியும் இருக்க மாட்டார். அவர்களுக்காக, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பக்குவம் இருந்தால், பன்னிரண்டு வயது நிரம்பிய அக்காவோ அண்ணனோ சிகிச்சைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் தம்பி தங்கையின் பாதுகாவலராக இருக்கலாம். அப்படி ஒரு சிறுமி தம்பியைக் கூட்டிக்கொண்டு உங்கள் முன் வந்து நிற்பாள். அவள் கையெழுத்தை மதித்து ஏற்றுக்கொள்ளுங்கள். தம்பிக்கு மருந்து எழுதிய பிறகு, அவள் இன்றைக்குச் சாப்பிட்டாளா, பள்ளிக்கூடம் போகிறாளா என்று அவளையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.