பந்தயம் முடிந்த மறுநாள்

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிய திரைப்படங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முடியும். வீரர் எல்லைக்கோட்டைத் தாண்டுவார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவோம். மறுநாள் காலையில் அந்த வீரர் கண்விழித்தபோது அவர் மனம் எப்படி இருந்தது? அதை எந்தப் படமும் சொல்வதில்லை. இன்றைய உரை அந்த மறுநாளைப் பற்றியது.

2006ஆம் ஆண்டில் 'தி ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்றொரு படம் வந்தது. டக்ளஸ் மெக்கினன் இயக்கிய படம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சைக்கிளோட்ட வீரர் கிரேம் ஓப்ரீயின் உண்மைக் கதை. ஜானி லீ மில்லர் அவராக நடித்தார்.

ஓப்ரீயின் தந்தை ஒரு காவல்துறை அதிகாரி. அதற்காகவே பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவரை ஒதுக்கினார்கள், அடித்தார்கள். அந்தச் சிறுவனுக்குத் தப்பிக்கக் கிடைத்த வழி சைக்கிள். வளர்ந்த பிறகு ஒரு சைக்கிள் கடை வைத்தார். அது நொடித்துப்போனது. கையில் பணமில்லை. அந்த நிலையில்தான் அவர் ஒரு மணி நேரச் சாதனையைக் குறிவைத்தார்.

அது என்ன சாதனை? வட்டப் பாதையில் ஒருவர் தனியாக ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். எத்தனை கிலோமீட்டர் கடக்கிறார் என்பதே கணக்கு. பக்கத்தில் போட்டியாளர் கிடையாது. முன்னே செல்பவரின் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றைத் தவிர்க்கவும் முடியாது. கடிகாரமும் காலும் மட்டும்தான். இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மோசர் 1984இல் மெக்சிக்கோ சிட்டியில் 51.151 கிலோமீட்டர் ஓட்டி வைத்திருந்த சாதனை ஒன்பது ஆண்டுகளாக அசையாமல் நின்றது.

ஓப்ரீ தம் சைக்கிளைத் தாமே செய்தார். அதில் சலவை இயந்திரத்திலிருந்து கழற்றிய பேரிங்கைப் பொருத்தினார். கைகளை மார்போடு மடக்கி, உடலை முன்னே சாய்த்து ஓட்டும் புதிய முறையையும் கண்டுபிடித்தார். 1993 ஜூலை 16ஆம் தேதி நார்வேயின் ஹாமர் நகரில் முதல் முயற்சி. தோல்வி. மறுநாள் காலையே மீண்டும் ஓட்டுவேன் என்றார். அன்றிரவு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். சிறுநீர் கழிக்க அடிக்கடி எழ வேண்டிவரும். எழும்போதெல்லாம் கால் தசைகளை நீட்டி இளக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. மறுநாள் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். மோசரின் சாதனை 445 மீட்டர் வேறுபாட்டில் வீழ்ந்தது.

அந்தப் பெருமை எத்தனை நாள் நிலைத்தது தெரியுமா? ஆறே நாள்! இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன், பிரான்சின் போர்டோ நகரில் 52.270 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். ஓப்ரீ விடவில்லை. அதே ஆண்டு தனிநபர் விரட்டுப் போட்டியில் உலக வெற்றியாளரானார். 1994 ஏப்ரலில் 52.713 கிலோமீட்டர் ஓட்டி, சாதனையை மீட்டார். அவர் ஓட்டும் முறையை அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் அந்த ஆண்டே தடைசெய்தது. அவரோ கைகளை நேராக முன்னே நீட்டி ஓட்டும் இன்னொரு முறையைக் கண்டுபிடித்து, 1995இல் மீண்டும் உலகப் பட்டம் வென்றார்.

படம் அந்த வெற்றியோடு நிறைவடைகிறது. அவரை வாட்டிய மனச்சோர்வைப் படம் மறைக்கவில்லை. இருந்தாலும் வெற்றி வந்ததும் இருள் விலகிவிட்டது என்ற எண்ணத்தோடுதான் நாம் எழுகிறோம்.

உண்மையில் இருள் விலகவில்லை. 1994இல் அவருடைய அண்ணன் சாலை விபத்தில் மாண்டார். பின்னர் பந்தய நாள்களும் முடிவுக்கு வந்தன. 2001இல், இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற அந்த மனிதர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். தற்செயலாக ஒருவர் பார்த்துவிட்டதால் பிழைத்தார்.

இவ்வளவு வென்றவருக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியே தவறு. மனநோய் பதக்கத்தைப் பார்த்து ஒதுங்கி நிற்பதில்லை. அவருக்கு இருந்தது இருதுருவ மனநோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். வெல்லும் மகிழ்ச்சியைவிடத் தோற்றுவிடுவோமோ என்ற அச்சமே தம்மை ஓட்டியது என்று ஓப்ரீயே பின்னாளில் மனம் திறந்து பேசியிருக்கிறார். வென்றால்தான் தமக்கு மதிப்பு என்று நம்பும் மனிதருக்கு ஒரு வெற்றி எத்தனை நாள் போதும்? ஓப்ரீயின் முதல் சாதனைக்கு ஆயுள் ஆறு நாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நல்ல வேளையாக, இந்தக் கதை அங்கே முடியவில்லை. ஓப்ரீ சிகிச்சை பெற்றார். 2003இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தப் படம். 2011இல், தாம் தன்பால் ஈர்ப்புக் கொண்டவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். பல்லாண்டுகள் மனத்துக்குள் பூட்டி வைத்திருந்த சுமை அது.

2013இல் தம் நாற்பத்தெட்டாம் வயதில் மறுபடியும் ஒரு வண்டி செய்தார். சமையலறையில் வைத்துச் செய்த வண்டி! தோளைத் தாங்கும் பகுதிக்கு ஒரு பழைய சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தினார். குப்புறப் படுத்தபடி ஓட்டும் அந்த வண்டியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துச் சாலையில் மணிக்கு ஏறத்தாழ 91 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். முதலில் அவர் கனவு கண்ட வேகத்துக்கு அது மிகவும் குறைவு. ஆனாலும், குப்புறப் படுத்து ஓட்டும் பிரிவில் அது சாதனையானது. கனவு கண்ட வேகம் கிட்டாவிட்டால் வாழ்க்கை அத்தோடு முடிந்துவிடுவதில்லை. படம் காட்டாத மறுநாள் இதுதான்.

பெற்றோர்களே, பயிற்றுநர்களே, பிள்ளை திடலிலிருந்து வீடு திரும்பியதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி எது? "ஜெயிச்சியா?" என்பதுதானே? ஒரு நாளாவது அதை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "இன்றைக்கு விளையாடியது பிடிச்சிருந்ததா?" என்று கேளுங்கள். தோற்று வந்த நாளிலும் சோற்றுத் தட்டு அதே அன்போடு முன்னால் வர வேண்டும். பிள்ளை பல நாள் பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால் "சோம்பேறி" என்று ஏசாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். தேவையென்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்க வெட்கப்படுகிறோமா? இதற்கு மட்டும் ஏன் வெட்கம்?

பந்தயம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு வாழ வேண்டிய ஆண்டுகள் பல. அந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.