குட்டை நீரும் மூளைக் காய்ச்சலும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், பாலோ வட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகளை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. வெயில் ஏறியதும் குட்டைக்கும் வாய்க்காலுக்கும் கிளம்பிவிடுவார்கள். அவர்களைப் பெற்றவர்களோடுதான் இன்று பேச விரும்புகிறேன்.

கேரளத்தில் 2024ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை, அமீபா மூளைக் காய்ச்சலால் மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். மலப்புறத்துச் சிறுமி ஆற்றில் குளித்தவள், வயது ஐந்து. கோழிக்கோட்டுச் சிறுவன் குளத்தில் குளித்தவன்.

அமீபா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர். மூளையைத் தாக்கும் வகைகளில் மிகக் கொடியது நெக்லேரியா. 1965இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஃபௌலர், கார்ட்டர் என்ற இரு மருத்துவர்கள் இந்நோயை முதலில் விவரித்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரிலும் அடிச்சேற்றிலும் இது வாழும்.

அந்த நீரைக் குடித்தால் இந்த நோய் வருமா? வராது. மூக்குதான் இதற்கு வாசல். பிள்ளை தலைகீழாகக் குதிக்கும்போது நீர் மூக்கினுள் வேகமாக ஏறுகிறது. அங்கிருந்து மணம் அறியும் நரம்பு வழியே அமீபா மூளைக்குச் சென்றுவிடும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றாது. மிக அரிதாகவே வரும். வந்தாலோ நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

குளித்த பன்னிரண்டு நாட்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, பிறகு கழுத்து விறைப்பு, பிதற்றல். சாதாரண மூளைக் காய்ச்சலும் இப்படித்தான் இருக்கும். ஆகவே மருத்துவர் எளிதில் பிரித்தறிய முடியாது.

அதே 2024 ஜூலையில், கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான். இந்நோயின் அறிகுறிகளை முன்பே படித்திருந்த அவன் தந்தை, "மகன் குளத்தில் குளித்தான்" என்று மருத்துவரிடம் உடனே சொன்னார். படித்தவர் படிக்காதவர் யாரும் சொல்லக்கூடிய ஒரு வார்த்தைதான் அது. சிகிச்சை தாமதமின்றித் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் பையன் வீடு திரும்பினான்.

நம் நாட்டில் இதைவிட அதிகம் காணப்படுவது எலிச் சிறுநீர் நோய். அது தோலில் உள்ள காயம் வழியாகவும் நுழையும். 2010இல் பகாங்கின் லுபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்களிலேயே சிலர் பிறகு நோய் கண்டு இறந்தார்கள். காலில் புண்ணோடு வெள்ளநீரில் நடப்பவர்கள் காலணி அணிவது நல்லது.

பிள்ளைகளைக் குளிக்கவே கூடாது என்று தடுத்தால் ஒளிந்துகொண்டு போவார்கள். தேங்கிய குட்டையில் குதிக்காதே, தலையை முக்காதே, சேற்றைக் கலக்காதே என்று சொல்லி வையுங்கள். குளித்தால் மறைக்காமல் வீட்டில் சொல்லட்டும், அதற்காக அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்து பிள்ளை மறைத்தால், பாலோ கிளினிக்கிலோ குளுவாங் மருத்துவமனையிலோ மருத்துவர் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.